கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேமிப்பது: அளவு, தூய்மை, குடிநீர்

100 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையைப் பிடித்து வைக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீர் கெட்டுப் போகாதா, அதைக் குடிக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். தொட்டியின் அளவைக் கூரையின் பரப்பை விட, நாளொன்றுக்கு நீங்கள் எவ்வளவு எடுப்பீர்கள் என்பதும், மழையே இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்க வேண்டும் என்பதும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: கூரைக்கும் தொட்டியின் வாய்க்கும் இடையில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதில். அங்கே அக்கறை காட்டிவிட்டால், பின்னால் மருந்தும் வடிகட்டியும் செய்ய வேண்டிய வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். ஆகவே உங்கள் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது. விழுவதெல்லாம் கைக்கு வருவதில்லை. கூரையை நனைப்பதற்கும், தெறித்து வெளியே போவதற்கும், ஆவியாவதற்கும், கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் நீரை ஒதுக்குவதற்கும் ஒரு பங்கு போய்விடும். தகரக் கூரையில் ஏறத்தாழ 90 விழுக்காடும், ஓட்டுக் கூரையிலும் சிமெண்டுத் தளத்திலும் 80 விழுக்காடும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும். இங்கே பரப்பு என்பது மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்புதான். சாய்வான கூரையின் சரிவை அளந்து பெருக்கினால் விடை கூடுதலாக வந்துவிடும், ஏனென்றால் கூரை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அது மறைக்கும் தரையின் அளவுக்குத்தான் அதன் மேல் மழை விழுகிறது. ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்யும் இடமாக இருந்தால், 80 விழுக்காட்டுக் கணக்கில் உங்கள் கூரை 80,000 லிட்டர் தரும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் வீட்டுத் தேவை முழுவதும் தீர்ந்தது என்று தோன்றும். நான்கு பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்கு 1,46,000 லிட்டர் ஆகிறது. கூரை தருவது அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. அதே நான்கு பேர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் எடுத்தால் ஆண்டுக்கு 7,300 லிட்டர் போதும், கூரை தருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே எதற்காகச் சேமிக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் தொட்டி வாங்கக் கூடாது. குடிநீருக்கு மட்டும் என்றால் சிறிய தொட்டியும் மிகுந்த சுத்தமும் வேண்டும். துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் என்றால் சுத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் கொள்ளளவு கூட வேண்டும்.

தொட்டியின் அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி, மழையில்லாத நாட்களின் எண்ணிக்கையை நாளொன்றின் செலவால் பெருக்கி அதன் மேல் கால் பங்கு கூட்டிக்கொள்வது. 120 நாள் வறட்சிக்கு, நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் 2,400 லிட்டர். கால் பங்கு சேர்த்து 3,000 லிட்டர். இதைவிடத் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் வரவையும் செலவையும் குறித்து, செலவு வரவை விஞ்சும் மாதங்களின் பற்றாக்குறையைத் தொடர்ச்சியாகக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக மாதம் 3,000 லிட்டர் செலவு என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து வரும் நான்கு மாதங்களில் 5, 0, 10, 20 மி.மீ. மழை பெய்தால் வரவு முறையே 400, 0, 800, 1,600 லிட்டர். பற்றாக்குறை 2,600, 3,000, 2,200, 1,400 என்று வந்து, மொத்தம் 9,200 லிட்டர் ஆகிறது. மழைக்காலம் முடியும் நாளில் தொட்டியில் அவ்வளவு இருந்தால்தான் நான்கு மாதத்தைத் தாண்ட முடியும். பெரிய நீர்த்தேக்கங்களுக்கு 1883-இல் ரிப்பிள் என்ற பொறியாளர் வகுத்த திரள்வளைகோட்டு முறையின் அடிப்படையும் இதே வரவு செலவுக் கணக்குதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சராசரி ஆண்டின் மழையளவைப் போட்டுக் கணக்கிட்டால், சராசரிக்குக் கீழே பெய்யும் ஆண்டுகளிலெல்லாம் தொட்டி காலியாகிவிடும். குறைவாகப் பெய்த ஓர் ஆண்டின் கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

பெரிய தொட்டி எப்போதும் நல்லது என்ற எண்ணமும் சரியில்லை. 5,000 லிட்டர் தொட்டி ஆண்டில் பத்து முறை நிரம்பிக் காலியானால் 50,000 லிட்டர் பயன்படுகிறது. 50,000 லிட்டர் தொட்டி ஆண்டுக்கு ஒரே முறை நிரம்பினால் கிடைப்பதும் அவ்வளவுதான், செலவோ பல மடங்கு. மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் இடத்தில் சிறிய தொட்டியை வைத்துக்கொண்டு, மழை நாட்களில் வேறு எந்தத் தண்ணீரையும் தொடாமல் மழைநீரையே தாராளமாகச் செலவழிப்பது புத்திசாலித்தனம். இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு மற்ற மாதங்களில் வானம் வெளுத்திருக்கும் இடத்தில்தான் பெரிய தொட்டிக்கு நியாயம் இருக்கிறது, அங்கேயும் குடிநீர் போன்ற இன்றியமையாத செலவுக்கு மட்டும் ஒதுக்கினால்தான் கணக்கு ஒத்துவரும்.

இனிக் கூரை. வானத்திலிருந்து விழும்போது மழைநீர் பெரும்பாலும் சுத்தமானது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பி.எச். மதிப்பு 5.6 அளவில், சற்றே அமிலத்தன்மையோடு இருக்கும். உப்புகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அழுக்கு சேர்வது கூரையில்தான். பறவை, அணில், பூனை, எலி ஆகியவற்றின் எச்சம், உதிர்ந்த இலை, புழுதி, செத்த பூச்சி, பக்கத்துப் புகைபோக்கியின் கரி ஆகியவை வறண்ட நாட்களில் சேர்ந்து காத்திருக்கின்றன. பறவை எச்சத்தில் சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர் போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அழுக்குகளில் அதைத்தான் முதலில் அஞ்ச வேண்டும். கூரைக்கு மேல் நீண்டிருக்கும் மரக்கிளைகளை வெட்டினாலே இலை குறைவதோடு பறவைகள் உட்காருவதும் அணில்கள் தாவி இறங்குவதும் குறையும்.

கூரை எதனால் ஆனது என்பதும் முக்கியம். வழவழப்பான தகரக் கூரையில் அழுக்கு ஒட்டாது. வெயிலில் சூடேறுவதால் கிருமிகளும் ஓரளவு மடியும். சுட்ட ஓடும் சிமெண்டுத் தளமும் ஏற்றவை, ஆனால் பாசி பிடிக்கும் தளத்தை மழைக்காலத்துக்கு முன் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். புதிதாக நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்த தளத்தில் முதல் சில மழையின் தண்ணீரைச் சேமிக்கக் கூடாது. ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரையும், இணைப்புகளில் ஈயத் தகடு வைத்த கூரையும் குடிநீருக்கு உதவாது. மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள மழைநீர் உலோகங்களைக் கரைக்கும் இயல்புடையது, குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. கல்நார்த் (ஆஸ்பெஸ்டாஸ்) தகட்டுக் கூரையில் தண்ணீரைவிட, அதை வெட்டும்போதும் துளையிடும்போதும் அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவும்போதும் காற்றில் பறக்கும் இழையே ஆபத்தானது, ஆகையால் அப்படிப்பட்ட கூரையைச் சீண்டாமல் விடுவது மேல். கீற்று வேய்ந்த கூரையிலிருந்து வரும் தண்ணீர் பழுப்பேறி வரும், செடிக்கு விடலாம்.

இறவாரத்தில் பொருத்தும் பீலியின், அதாவது கூரைநீரை வாங்கிக் குழாய்க்குக் கொண்டுபோகும் வாய்க்காலின், அளவைப் பலர் கண்ணளவில் தீர்மானிக்கிறார்கள். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்; உங்கள் கூரையிலிருந்து அப்போது நிமிடத்துக்கு 100 லிட்டர் இறங்குகிறது. கனமழையில் சிறிது நேரத்துக்கு இது இரு மடங்காகலாம். ஒரு சதுர மீட்டர் கூரைக்குப் பீலியின் குறுக்குவெட்டு ஒரு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எளிய விதி. இரு பக்கமும் சரியும் கூரையில் பக்கத்துக்கு 50 சதுர மீட்டர் என்றால், 11 அல்லது 12 செ.மீ. விட்டமுள்ள அரைவட்டப் பீலி போதும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு கொடுத்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். சாய்வில்லாத பீலியில் நிற்கும் கையகலத் தண்ணீர் கொசு முட்டையிடப் போதுமான இடம் என்பதையும், தாங்கிகள் நெருக்கமாக இல்லாவிட்டால் ஈர இலையின் கனத்தில் பீலி நடுவே தொய்ந்து சாய்வே இல்லாமல் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீலியிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் இலையைத் தடுக்கும் கம்பி வலை வேண்டும். அதைச் சாய்வாக வைத்தால் இலைகள் தாமாகவே வழுக்கி வெளியே விழும். கிடையாக வைத்தால் இரண்டாவது மழையிலேயே அடைத்துக்கொள்ளும். அடுத்தது, என் கருத்தில் இந்த ஏற்பாடு முழுவதிலும் மிக முக்கியமான உறுப்பு, முதல் மழைநீரை ஒதுக்கும் குழாய். அதன் வேலை இப்படி நடக்கிறது. தொட்டியை நோக்கிப் போகும் குழாயில் ஒரு ‘டி’ இணைப்பு வைத்து, அதன் கீழ் வாயிலிருந்து இன்னொரு குழாயைச் செங்குத்தாகத் தரையை நோக்கி இறக்கி, அடியில் திருகு மூடி போட்டிருப்பார்கள். மழை தொடங்கியதும் கூரையைக் கழுவிக்கொண்டு வரும் கறுத்த தண்ணீர் முதலில் இந்தச் செங்குத்துக் குழாயில் விழுந்து நிரம்புகிறது. உள்ளே கிடக்கும் வெற்றுப் பந்து தண்ணீரோடு மிதந்து மேலேறி, குழாயின் குறுகிய கழுத்தில் வந்து அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பின் வரும் தெளிந்த நீர் பந்தின் தலைக்கு மேலே ஓடித் தொட்டிப் பக்கம் திரும்புகிறது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்த முதல் மழை நின்றதும் அடியிலுள்ள மூடியைத் திருகிப் பாருங்கள். முதலில் சேறாகக் கறுப்பு மண்டி, பிறகு பூச்சி இறக்கைகளும் பாசித் துணுக்குகளும் மிதக்கும் பழுப்புத் தண்ணீர், கடைசியில் ஓரளவு தெளிந்த நீர் என்று வரிசையாக வெளியேறும். இத்தனையும் தொட்டிக்குள் போயிருக்க வேண்டியவை.

இந்தக் குழாயின் கொள்ளளவில்தான் பெரும்பாலான வீடுகளில் குறை இருக்கிறது. கூரையின் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையை ஒதுக்குவது நல்ல அளவு. புழுதி குறைந்த இடத்தில் அரை மில்லிமீட்டரும், சாலையோரத்திலும் பறவைகள் அடையும் இடத்திலும் இரண்டு மில்லிமீட்டரும் வைக்கலாம். உங்கள் கூரைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது 100 லிட்டர். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டர்தான் கொள்ளும். ஆகவே ஒரு மீட்டர் குழாயை மாட்டிவிட்டு முதல் மழை ஒதுங்கிவிட்டது என்று நம்புவது வீண், அது கண்துடைப்பு. 100 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைப்பதுதான் வழி. அடியில் 2 மி.மீ. துளை ஒன்று இருந்தால், மழை நின்ற அரை நாளுக்குள் அது தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். ஒவ்வொரு முறையும் யாராவது போய்த் திறந்துவிட வேண்டும் என்றால் நாளடைவில் மறந்துபோகும். அந்தத் துளையும் அடைபடும் என்பதால், மாதம் ஒருமுறை மூடியைத் திருகிக் கழுவ வேண்டியிருக்கும்.

தொட்டிக்குள் தண்ணீர் எப்படி நுழைகிறது என்பதும் முக்கியமானது. மேலிருந்து அருவியாகக் கொட்டினால் அடியில் படிந்த மண்டி முழுவதும் கலங்கி எழும்பும். வரும் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் அமைதியாகப் பரவும். புதுத் தண்ணீரோடு கொஞ்சம் பிராணவாயுவும் அடிமட்டத்துக்குப் போய்ச் சேருவதால் அங்கே அழுகல் குறையும். எடுக்கும் குழாயை அடியில் வைக்கக் கூடாது. தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வைக்கலாம், மிதவையில் கட்டிய வளையும் குழாய் மூலம் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழிருந்து எடுத்தால் இன்னும் தெளிவான நீர் கிடைக்கும். தொட்டியில் மிகத் தெளிந்த நீர் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மேற்பரப்பில் மகரந்தமும் தூசும் மிதக்கும், அடியில் மண்டி கிடக்கும்.

இப்படி நுழைந்த தண்ணீர் மாதக்கணக்கில் இருந்தாலும் கெடாது. தண்ணீருக்குத் தானாகக் கெடும் இயல்பு கிடையாது. அதில் வளரும் உயிர்களுக்கு வெளிச்சமும் உணவும் கிடைத்தால்தான் அது மாறுகிறது. இருட்டாக, மூடியிருக்கும் தொட்டியில், இலைக் குப்பை போகாத தண்ணீரில், வெளியிலிருந்து வந்த கிருமிகளில் பெரும்பாலானவை நாளாக நாளாக மடிந்து குறைகின்றன. துகள்கள் கீழே படியும்போது அவற்றில் ஒட்டிய கிருமிகளையும் இழுத்துக்கொண்டு போகின்றன. ஆகையால் பெருமழை பெய்த அன்றே எடுப்பதைவிட, இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு எடுக்கும் தண்ணீர் நல்லது. கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் தொட்டிகளில் காரணத்தைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். பச்சை நிறம் என்றால் எங்கோ வெளிச்சம் புகுகிறது. வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியும் சரியாகப் பொருந்தாத மூடியும் வழக்கமான குற்றவாளிகள். தேநீர் போன்ற பழுப்பு என்றால் பீலியில் இலை ஊறிக்கொண்டிருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் மண்டி தடித்துப் பிராணவாயு இல்லாமல் அழுகுகிறது. தொட்டியை வடித்துக் கழுவுவதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

கொசு தனிக் கவலை. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையோ காய்ந்த சுவரில் பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். நுழைவாய், வழிவாய், காற்றுக்குழாய், மூடி விளிம்பு ஆகிய எல்லாவற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலை வேண்டும். வழிந்தோடும் குழாயின் வெளி முனைக்கு வலை போட மறப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. கொசு அந்த வழியாகவே உள்ளே போகும். நைலான் வலை வெயிலில் இற்றுப்போகும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு வலைக்குக் கொஞ்சம் கூடச் செலவழிப்பது வீண்போகாது.

குடிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். குடிக்கலாம், ஆனால் கிருமி நீக்காமல் குடிக்கச் சொல்ல மாட்டேன், குறிப்பாகக் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டில். ஆறோ நன்னீர் ஏரியோ இல்லாத பெர்முடா தீவில் சுண்ணாம்பு பூசிய படிப்படியான வெள்ளைக் கூரைகளிலிருந்து வீட்டுக்கடியிலுள்ள தொட்டியில் மழைநீரைப் பிடித்துத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருகிறார்கள். அங்கே கூரை என்பதே நீர்ப்பிடிப்புக்காகக் கட்டப்படுவது, அதன்படியே பராமரிக்கப்படுவது. உங்கள் கூரையையும் அந்த மனப்பான்மையோடு பார்க்கத் தயாராக இருந்தால் குடிநீர் பற்றி யோசிக்கலாம்.

கிருமி நீக்க மிக நம்பகமான வழி கொதிக்க வைப்பது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லாத இடத்தில், தெளிந்த தண்ணீரை இரண்டு லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பெட் பாட்டில்களில் நிரப்பி முழு வெயிலில் ஆறு மணி நேரமோ, மேகமூட்டம் இருந்தால் தொடர்ந்து இரண்டு நாளோ வைக்கலாம். குளோரின் போடுவதாக இருந்தால், 5 விழுக்காடு குளோரின் உள்ள, வாசனையும் சோப்பும் சேர்க்காத திரவத்தை 100 லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் வீதம் கலந்து, அரை மணி நேரம் கழித்துச் சோதனைப் பெட்டியால் பார்த்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்க வேண்டும். இதைப் பெரிய தொட்டியில் கொட்ட வேண்டாம். அடியிலுள்ள மண்டியே குளோரினை விழுங்கிவிடும், மிச்சமிருக்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. குடிக்க எடுக்கும் அளவை வேறொரு பாத்திரத்தில் ஊற்றி அதில் கலப்பதே முறை. விலங்குகளின் எச்சத்தில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்குச் சாகாது, கொதிநீருக்குச் சாகும் என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கொதிக்க வைப்பதையே சொல்வேன்.

மழைநீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிப் பொருத்துபவர்களைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. கரைந்த உப்பை நீக்குவதற்காக அமைந்த கருவி அது. உப்பே இல்லாத தண்ணீரை அதில் விட்டு, ஒரு பகுதியைக் கழிவாகச் சாக்கடையில் விடுவதில் பொருளில்லை. மின்சாரக் கருவிதான் வேண்டும் என்றால், நுண்துகள் வடிகட்டியும் கரி வடிகட்டியும் வைத்து அவற்றுக்குப் பின் புற ஊதா விளக்கு வைக்கலாம். கலங்கிய நீரில் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பிவிடும் என்பதால் விளக்கு கடைசியில்தான் வர வேண்டும். ஆலைப் புகையும் பூச்சிமருந்துத் தெளிப்பும் உள்ள சுற்றுப்புறத்தில் இவை எதுவும் போதாது. வேறோர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் உலகின் ஒதுக்குப்புறங்களில் பெய்யும் மழையிலும் இருப்பதை ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட கட்டுரை சுட்டிக்காட்டியது. கொதிக்க வைப்பதால் இவை போகா. செயலூட்டிய கரி வடிகட்டி குறைக்கும். ஆறும் ஏரியும் அதே மழையால்தான் நிரம்புகின்றன என்பதால், மழைநீரை மட்டும் இதற்காக ஒதுக்குவதில் பயனில்லை.

தொட்டி எதனால் ஆனது என்பது இரண்டாம் பட்சம். வெளிச்சம் ஊடுருவாத, வெயில் தாங்கும் பாலிஎத்திலீன் தொட்டி வீட்டுக்குச் சுலபம். கம்பி வலையின் மேல் சிமெண்டுக் கலவை பூசிய ஃபெரோசிமெண்டும் கான்கிரீட்டும் நீடித்து உழைக்கும். அவற்றிலிருந்து கரையும் சுண்ணாம்பு மழைநீரின் அமிலத்தன்மையைத் தணிப்பது கூடுதல் நன்மை, ஆனால் புதிதாகக் கட்டியதில் முதலில் நிரப்பிய தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இடம் இருந்தால் தரைக்கு மேலே வைப்பதையே நான் விரும்புவேன். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், அடிவால்வைத் திறந்து கழுவலாம், மோட்டார் இல்லாமலே குழாயில் பிடிக்கலாம். தரைக்கடித் தொட்டி குளிர்ச்சியாகவும் இடத்தை அடைக்காமலும் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே கசிந்தால் தெரியவே தெரியாது, நிலத்தடி நீர்மட்டம் உயரும் காலத்தில் காலியான பிளாஸ்டிக் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்துவிடக்கூடும். எங்கே வைத்தாலும் எடையை மறக்கக் கூடாது: 5,000 லிட்டர் என்பது ஐந்து டன். அதை மொட்டை மாடியில் ஏற்றுவதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கேட்பது கட்டாயம், தரையில் வைத்தாலும் கெட்டிப்படுத்திய சமதளம் வேண்டும்.

பொதுக் குடிநீர்க் குழாயையும் மழைநீர்க் குழாயையும் நேரடியாக இணைக்கவே கூடாது. வெளியே அழுத்தம் குறையும் நேரத்தில் உங்கள் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுத் தெருவுக்கே போய்விடும். மழைநீர் தீர்ந்ததும் பொதுக் குழாயிலிருந்து நிரப்ப வேண்டுமானால், அந்தக் குழாயின் வாய்க்கும் தொட்டியின் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கும் இடையில் காற்று இடைவெளி இருக்கும்படி மேலிருந்து விழச் செய்யுங்கள். மழைநீர் வரும் ஒவ்வொரு குழாய்முனையிலும் அது என்ன தண்ணீர் என்று எழுதி ஒட்டிவிட்டால் விருந்தினரும் குழந்தைகளும் தவறிக் குடிக்க மாட்டார்கள்.

தொட்டி நிரம்பியபின் வழியும் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வழிகுழாய், உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. இருந்தால் கனமழையில் மூடி தூக்கிக்கொண்டு தண்ணீர் சுவரில் இறங்கும். வழியும் நீரை வீட்டின் அடித்தளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, ஜல்லியும் மணலும் நிரப்பிய ஊறல் குழியில் விட்டால் அது நிலத்தடிக்குப் போகும். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகே இந்தக் குழியைத் தோண்டக் கூடாது. கிணற்றில் நேரடியாக விடுவதாக இருந்தால், முதல் மழையை ஒதுக்கி வடிகட்டிய கூரைநீரை மட்டுமே விட வேண்டும். வாசலிலும் தெருவிலும் ஓடும் தண்ணீரை விட்டுவிட்டால் மண் இயல்பாகச் செய்யும் வடிகட்டலைத் தாண்டி அழுக்கு நேரே நிலத்தடி நீரில் கலக்கும்.

தொட்டிப் பராமரிப்பு என்று பார்த்தால் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், தொட்டியில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் வேளையில் அடியைப் பார்த்தால் போதும். மண்டி ஒரு மெல்லிய படலமாக இருந்தால் அப்படியே விடலாம். எடுக்கும் குழாயின் உயரத்தை நெருங்கினால் வெளியேற்ற வேண்டும். சுவரில் படிந்திருக்கும் வழவழப்பான மெல்லிய படலத்தைத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் அவசியம் இல்லை. தொட்டிக்குள் இறங்குவது மட்டும் உயிராபத்துள்ள வேலை. மூடிக்கிடந்த தொட்டியில் அழுகல் நடந்திருந்தால் பிராணவாயு இருக்காது, இறங்கியவர் கூப்பிடக்கூட அவகாசமில்லாமல் மயங்கி விழுவார், காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பவருக்கும் அதே கதிதான். கூடியவரை வெளியிலிருந்தே நீண்ட தூரிகையாலும் உறிஞ்சு குழாயாலும் கழுவுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கான பயிற்சியும் கருவியும் உள்ளவர்களை அழையுங்கள். மூடிக்குப் பூட்டு வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது கட்டாயம்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாவிட்டால், பீலி, இலை வலை, முதல் நீரை ஒதுக்கும் பீப்பாய் ஆகிய மூன்றையும் முதலில் முழு அளவில் சரியாகச் செய்துவிட்டு, தொட்டியைச் சிறியதாக வைத்துத் தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் ஓடினாலே எத்தனை முறை நிரம்பி வழிந்தது, எப்போது காலியானது என்று தெரிந்துவிடும். அந்தக் குறிப்பைக் கொண்டு இரண்டாவது தொட்டியின் அளவை முடிவு செய்யலாம். முதல் தொட்டியின் மேல் பக்கத்தில் வால்வோடு ஓர் இணைப்பை இப்போதே வைத்துவிட்டால், முதலாவதில் தெளிந்த நீர் மட்டும் அடுத்ததற்குப் போகும்படி பின்னால் மாட்டிக்கொள்வது எளிது.